தனிப்பயன் தரவு இணைப்பிகளின் வரலாறு

வணிக நுண்ணறிவு மென்பொருள் ஒன்று தன் அறிக்கைக்கு வேண்டிய தரவை வேறோர் இடத்திலிருந்து பெற்றுத்தரும் இடைநிலை நிரல் தரவு இணைப்பி எனப்படும். மென்பொருளைத் தயாரித்த நிறுவனமே பல இணைப்பிகளை அதனுடன் சேர்த்து வழங்குகிறது. அவ்வாறு வழங்கப்படாமல், பயனரோ வேறொரு நிறுவனமோ எழுதித் தனியே நிறுவிக்கொள்ளும் இணைப்பி தனிப்பயன் தரவு இணைப்பி ஆகும்.

ஒரு தொழிற்சாலையின் விற்பனைக் கணக்கு ஆரக்கிள் தரவுத்தளத்திலும், பணியாளர் வருகை ஒரு வலைச் சேவையிலும், சரக்கு இருப்பு பழைய கணக்கு மென்பொருள் ஒன்றிலும் இருக்கலாம். மூன்றையும் ஒரே அறிக்கையில் பார்க்க வேண்டுமானால் மூன்றுக்கும் இணைப்பி வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆயத்தமான இணைப்பி கிடைத்து, மூன்றாவதற்குக் கிடைக்காதபோதுதான் தனிப்பயன் இணைப்பியின் தேவை எழுகிறது.

இணைப்பி, தரவை மட்டும் கொண்டுவருவதில்லை. தரவைத் திறக்கும் கடவுச்சொல்லும் அதன் வழியாகவே செல்கிறது. ஆகவே, எந்தத் தரவையும் எந்தக் கருவியாலும் படிக்க முடிய வேண்டும் என்ற விருப்பமும், வெளியார் எழுதிய நிரலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற எச்சரிக்கையும் இத்துறையின் வரலாறு முழுவதும் ஒன்றோடொன்று மோதி வந்துள்ளன. இணைப்பி நிறுவும் முறை காலந்தோறும் மாறியதற்கு இம்மோதலே முக்கியக் காரணம்.

பின்னணி

வணிக நுண்ணறிவு என்ற சொற்றொடரை 1958 இல் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் தம் கட்டுரை ஒன்றின் தலைப்பில் பயன்படுத்தினார். ஒரு நிறுவனத்துக்கு வரும் ஆவணங்களைத் தானாகவே சுருக்கி, உரியவருக்கு அனுப்பும் அமைப்பு ஒன்றை அவர் அதில் விளக்கினார். இன்றைய பொருளில் இச்சொல்லைப் பரவலாக்கியவராக ஹோவர்ட் டிரெஸ்னர் குறிப்பிடப்படுகிறார். 1989 இல் அவர் இதை, உண்மைத் தரவுகளைக் கொண்டு வணிக முடிவுகளை எடுக்க உதவும் முறைகள் அனைத்துக்குமான பொதுப்பெயராக முன்வைத்தார்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் தரவைச் சேமிக்கும் முறையே மாறிவிட்டது. ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970 இல் தொடர்புசார் தரவுத்தள மாதிரியை வெளியிட்டார். தரவு எந்த இடத்தில் எந்த வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிய வேண்டியதில்லை. அட்டவணைகளாக அதைக் கண்டால் போதும் என்பது அம்மாதிரியின் அடிப்படை. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974 இல் சீக்வெல் என்ற வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் பின்னர் எஸ்கியூஎல் எனச் சுருக்கப்பட்டது.

பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர் மாறிய நிறுவனம் 1979 இல் எஸ்கியூஎல் மொழியில் இயங்கும் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்ரஸ், இன்ஃபார்மிக்ஸ், சைபேஸ், ஐபிஎம்மின் டிபி2 ஆகியவையும் சந்தைக்கு வந்தன. எஸ்கியூஎல் 1986 இல் அமெரிக்கத் தரநிலையாகவும் 1987 இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. எனினும் மொழிக்குத் தரநிலை வந்ததே தவிர, அம்மொழியில் எழுதிய வினவலைத் தரவுத்தளத்திடம் கொண்டு சேர்க்கும் வழிக்குப் பொதுத்தரநிலை இல்லை. தேதியை எழுதும் முறை, பிழைச் செய்திகளின் எண்கள், பிணையத்தில் பேசும் நெறிமுறை ஆகிய அனைத்தும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன.

அக்காலத்து நிரலாளர்கள், எஸ்கியூஎல் கூற்றுகளை கோபால் அல்லது சி நிரலுக்குள்ளேயே எழுதி, குறிப்பிட்ட தரவுத்தளத்துக்குரிய முன்தொகுப்பியால் அவற்றை மாற்றிக்கொண்டனர். தரவுத்தளம் மாறினால் நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும். ஒரு நிறுவனம் தனக்காக எழுதிக்கொண்ட நிரலுக்கு இது பொருந்தும். பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கப்படும் விரிதாள் மென்பொருளுக்குப் பொருந்தாது. வாங்குபவரிடம் எந்தத் தரவுத்தளம் இருக்கும் என்பது விற்பவருக்குத் தெரியாது. வாங்குபவரிடம் மூலநிரலும் இராது.

இதன் சுமையை எளிய கணக்கொன்றால் அறியலாம். ஆறு பயன்பாட்டு மென்பொருட்களும் பத்துத் தரவுத்தளங்களும் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றுடன் இணைக்க 60 இணைப்பு நிரல்கள் தேவை. இடையில் பொது இடைமுகம் ஒன்று இருந்தால், ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தரவுத்தளமும் அதனுடன் பேசக் கற்றால் போதும். அப்போது தேவைப்படுபவை 16 மட்டுமே.

ஓடிபிசியின் தோற்றம்

1980களின் இறுதியில் தரவுத்தள நிறுவனங்கள் பல சேர்ந்து எஸ்கியூஎல் அணுகல் குழு என்ற அமைப்பை உருவாக்கின. நிரலிலிருந்து தரவுத்தளத்தை அழைப்பதற்கான பொதுவான செயற்கூறுகளை வகுப்பது அதன் பணிகளுள் ஒன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், டிஜிட்டல், சைபேஸ், டாண்டம் முதலியவற்றுடன் சேர்ந்து இதற்கான வரைவை முன்வைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் கைல் கைகர் இவ்வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றினார்.

இம்முயற்சியிலிருந்து 1992 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே ஓடிபிசி. திறந்த தரவுத்தள இணைப்பு என்பது இதன் பொருள். இதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது, தரவைக் கேட்கும் பயன்பாடு. இரண்டாவது, இயக்கி மேலாளர். மூன்றாவது, குறிப்பிட்ட தரவுத்தளத்துக்கென எழுதப்பட்ட இயக்கி. நான்காவது, தரவு மூலம். பயன்பாடு ஓடும்போதே, தேவையான இயக்கியை இயக்கி மேலாளர் நினைவகத்தில் ஏற்றும். பயன்பாட்டை மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. எந்த அச்சுப்பொறியை வாங்கினாலும் அதற்குரிய இயக்கியை நிறுவினால் எல்லா மென்பொருளிலிருந்தும் அச்சிட முடிவது போன்ற ஏற்பாடு இது.

ஓடிபிசிக்குப் போட்டியும் இருந்தது. லோட்டஸ் நிறுவனம் தன் 1-2-3 விரிதாளுக்கென டேட்டாலென்ஸ் என்ற முறையை வைத்திருந்தது. போர்லாண்ட் நிறுவனம் ஐடிஏபிஐ என்ற மாற்று இடைமுகத்தை முன்னெடுத்தது. விண்டோசின் பரவலும், எக்செல், ஆக்செஸ் ஆகிய மென்பொருட்கள் ஓடிபிசியை ஏற்றதும் போட்டியின் முடிவைத் தீர்மானித்தன. குழுவின் அழைப்புநிலை இடைமுகம் 1995 இல் பன்னாட்டு எஸ்கியூஎல் தரநிலையின் ஒரு பகுதியானது. யூனிக்சு, லினக்சு இயங்குதளங்களுக்கு ஐஓடிபிசி, யூனிக்ஸ்ஓடிபிசி என்னும் கட்டற்ற இயக்கி மேலாளர்கள் உருவாயின. 1997 இல் ஜாவா மொழிக்கு ஜேடிபிசி வந்தது.

வணிக நுண்ணறிவுத் துறைக்கு இம்மாற்றம் பெரும் வாய்ப்பாயிற்று. 1990 இல் பிரான்சில் தொடங்கப்பட்ட பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ், அட்டவணைப் பெயர்களை வணிகச் சொற்களாக மாற்றிக்காட்டும் இடையடுக்கு ஒன்றை வழங்கியது. விற்பனை மேலாளர் எஸ்கியூஎல் அறியாமலே அறிக்கை தயாரிக்க இது வழிசெய்தது. கனடாவின் காக்னாஸ் முதலிய நிறுவனங்களும் இத்துறையில் வளர்ந்தன. இத்தகைய கருவிகள் தாமே எழுதாத இணைப்புகளையும் ஓடிபிசி வழியாகப் பெற முடிந்தது. தரவுத்தள நிறுவனமோ மூன்றாம் தரப்போ இயக்கி எழுதினால் போதும். தனிப்பயன் இணைப்பியின் முதல் வடிவம் இதுவே எனலாம்.

நிறுவலில் எழுந்த சிக்கல்கள்

ஓடிபிசி இயக்கியை நிறுவுவதில் இரண்டு படிகள் உண்டு. முதலில் இயக்கிக் கோப்பு கணினியில் பதிவுசெய்யப்பட வேண்டும். அடுத்து, வழங்கியின் பெயர், தரவுத்தளத்தின் பெயர் முதலியவற்றைக் கொண்ட தரவு மூலப் பெயர் ஒன்றை உருவாக்க வேண்டும். இப்பெயர் ஒரு பயனருக்கு மட்டும் உரியதாகவோ, கணினி முழுமைக்கும் பொதுவானதாகவோ, தனிக் கோப்பாகவோ இருக்கலாம். பயனருக்கு மட்டும் உரியதாக அமைத்துவிட்டு, பின்னணிச் சேவை ஒன்று அதைப் பயன்படுத்தும் என எதிர்பார்ப்பது இன்றளவும் நிகழும் பிழை. பின்னணிச் சேவை வேறொரு கணக்கில் இயங்குவதால் அப்பெயர் அதன் கண்ணுக்குத் தெரியாது.

64 பிட்டு விண்டோஸ் பரவியபோது மற்றொரு குழப்பம் சேர்ந்தது. 32 பிட்டு மென்பொருளால் 64 பிட்டு இயக்கியை ஏற்ற முடியாது, மறுதலையாகவும் அவ்வாறே. எனவே கணினியில் இரண்டு ஓடிபிசி நிர்வாகக் கருவிகள் இருந்தன. இரண்டின் கோப்புப் பெயரும் ஒன்றே. 64 பிட்டுக் கருவி சிஸ்டம்32 என்ற கோப்புறையிலும், 32 பிட்டுக் கருவி சிஸ்வாவ்64 என்ற கோப்புறையிலும் வைக்கப்பட்டிருந்தன. பழைய நிரல்கள் பல சிஸ்டம்32 என்ற பாதையை உள்ளேயே எழுதி வைத்திருந்ததால் அப்பெயரை மாற்ற முடியவில்லை. கோப்புறைப் பெயரை நம்பிய பயனர் தவறான கருவியில் தரவு மூலத்தை அமைத்துவிட்டு, தன் மென்பொருளில் அது ஏன் தெரியவில்லை எனத் தேட நேர்ந்தது.

தமிழ் முதலிய மொழிகளின் பயனர்களைத் தனியே பாதித்த சிக்கல் எழுத்துக் குறியேற்றம் ஆகும். தொடக்கக்கால ஓடிபிசி செயற்கூறுகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற ஆன்சி முறையில் அமைந்தவை. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அது போதும். விண்டோசில் தமிழுக்கென ஆன்சி குறிப்பக்கம் ஏதும் இல்லை. ஒருங்குறி வழியாக மட்டுமே தமிழ் ஏற்கப்பட்டது. ஆகவே ஒருங்குறியில் சேமிக்கப்பட்ட தமிழ்ப் பெயர்களை ஆன்சி இயக்கி வழியாகப் படித்தால், அவை கேள்விக்குறிகளின் வரிசையாக வந்து சேரும். ஓடிபிசியின் 3.5 பதிப்பில் ஒருங்குறிச் செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களின் இயக்கிகள் ஆன்சி, ஒருங்குறி என இரண்டு வடிவங்களில் வருகின்றன. தமிழ்த் தரவுக்கு இவற்றுள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இச்சிக்கல்கள் அனைத்தும் வெளிப்படையாகத் தெரிந்தவை. வெளிப்படையாகத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஓடிபிசி இயக்கி என்பது, அதை அழைக்கும் பயன்பாட்டின் நினைவகத்துக்குள் ஏற்றப்படும் இயந்திர நிரல். பயன்பாட்டுக்கு உள்ள அனுமதிகள் அனைத்தும் அதற்கும் உண்டு. கடவுச்சொல் அதன் கைக்கு வருகிறது. தரவு அதன் வழியாகப் போகிறது. இயக்கியை எழுதியவர் யார் என்பதை உறுதிசெய்யும் கட்டாய ஏற்பாடு ஓடிபிசி வடிவமைப்பில் இல்லை. இயக்கிகளைப் பெரும்பாலும் தரவுத்தள நிறுவனங்களே வழங்கியதும், நிர்வாகிகளே நிறுவியதும் அன்று போதிய பாதுகாப்பாகக் கருதப்பட்டன.

வலைச் சேவைகளின் வருகை

ஓடிபிசி, தரவு என்பதை அட்டவணை வடிவிலும் எஸ்கியூஎல் மொழியிலும் கண்டது. அஞ்சல், கோப்புகள் போன்ற வேறு வகைத் தரவுகளையும் அணுகும் நோக்கில் 1996 இல் மைக்ரோசாஃப்ட் ஓஎல்இ டிபி என்ற அடுத்த இடைமுகத்தை வெளியிட்டது. அது விண்டோசின் காம் கட்டமைப்பைச் சார்ந்திருந்ததால் பிற இயங்குதளங்களுக்குப் பரவவில்லை. 2011 இல் அந்நிறுவனமே தன் எஸ்கியூஎல் வழங்கிக்கு ஓஎல்இ டிபி வழக்கொழியும் என்றும் ஓடிபிசியே இனி முதன்மை வழி என்றும் அறிவித்தது. 2017 இல் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு புதிய ஓஎல்இ டிபி இயக்கி வெளியானது. முந்தைய அறிவிப்பை நம்பி நிரல்களை மாற்றத் தொடங்கியவர்களுக்கு இத்திருப்பம் இரட்டை வேலையாயிற்று.

இதற்கிடையில் தரவின் இருப்பிடமே மாறத் தொடங்கியது. 1999 இல் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ், வாடிக்கையாளர் விவரங்களைத் தன் வழங்கிகளிலேயே வைத்து இணையம் வழியாக அளித்தது. 2005 இல் கூகுள் அனலிட்டிக்ஸ் வெளிவந்தது. இத்தகைய சேவைகளின் பின்னால் தரவுத்தளம் இருந்தாலும், வெளியாருக்கு அதன் வாயில் திறக்கப்படவில்லை. சேவை நிறுவனம் வகுத்த நிரல் இடைமுகம் வழியாகக் கேட்டால் மட்டுமே தரவு கிடைக்கும்.

இந்த இடைமுகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சில, ஒரு வேண்டுகோளுக்கு நூறு பதிவுகளை மட்டும் தந்து, மீதிக்கு அடுத்த பக்கத்தைக் கேட்கச் சொல்லும். சில, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வேண்டுகோள்கள்தாம் என வரம்பு வைக்கும். பல, ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட ஜேசன் வடிவில் விடையளிக்கும். அதை அட்டவணையாக விரிக்க வேண்டும். 2012 இல் ஓஆத் 2.0 நெறிமுறை வெளியானது. அதன்படி கடவுச்சொல்லை இடைநிலை நிரலிடம் தராமல், குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் அனுமதி வில்லையை மட்டும் தரலாம். ஓடேட்டா என்ற பொது நெறிமுறையும் உருவாகி, 2014 இல் ஓயேசிஸ் அமைப்பின் தரநிலையானது. ஆனால் எல்லாச் சேவைகளும் அதை ஏற்கவில்லை.

இவ்வாறு, ஓடிபிசி தீர்த்துவைத்த பெருக்கல் கணக்கு மீண்டும் தலைதூக்கியது. இம்முறை தரவு மூலங்களின் எண்ணிக்கை பத்தல்ல, ஆயிரக்கணக்கு. எந்த மென்பொருள் நிறுவனமும் அத்தனைக்கும் இணைப்பி எழுதிவிட முடியாது. இணைப்பி எழுதும் பணியைப் பயனர்களுக்கும் வெளியாருக்கும் திறந்துவிடுவதே எஞ்சிய வழி.

தனிப்பயன் இணைப்பிகளின் எழுச்சி

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2003 இல் உருவான டேப்லோ நிறுவனம், 2015 இல் வலைத் தரவு இணைப்பி என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிறு வலைப்பக்கமே இணைப்பி. பயனர் அதன் முகவரியைத் தந்தால், மென்பொருள் அப்பக்கத்தைத் திறந்து, அது திரட்டித் தரும் தரவைப் பெற்றுக்கொள்ளும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எளிமையே இதன் சிறப்பு. அதுவே குறையும் ஆனது. அப்பக்கம் வேறொருவரின் வழங்கியில் இருப்பதால், இன்று பார்த்த நிரலை நாளை அவர் மாற்றிவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் சென்றது. எக்செலுக்கான துணை நிரலாக 2013 இல் வெளியான பவர் குவெரி, எம் என்ற மொழியைக் கொண்டிருந்தது. தரவைப் பெறுதல், வடிகட்டுதல், மாற்றுதல் ஆகிய படிகள் அம்மொழியில் எழுதப்படுகின்றன. 2015 சூலையில் பவர் பிஐ டெஸ்க்டாப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது அதன் தரவுப் பகுதியாக இதே இயந்திரம் அமைந்தது. 2017 இல் வெளியாரும் எம் மொழியில் இணைப்பி எழுதுவதற்கான கருவித்தொகுப்பு வெளியிடப்பட்டது.

இவ்விணைப்பியில் தரவைக் கேட்கும் செயற்கூறுகள், உள்நுழைவு முறைகளின் விவரம், சின்னப் படங்கள் ஆகியவை இருக்கும். இவை அனைத்தும் ஒரே கோப்பாகச் சுருக்கப்பட்டு மெஸ் என்ற பின்னொட்டைப் பெறும். பயனரின் ஆவணக் கோப்புறைக்குள் பவர் பிஐ டெஸ்க்டாப் என்ற பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் கஸ்டம் கனெக்டர்ஸ் என்ற கோப்புறையும் உருவாக்கி, கோப்பை அதில் வைக்க வேண்டும். மென்பொருளை மீண்டும் தொடங்கினால், தரவு மூலங்களின் பட்டியலில் அவ்விணைப்பியும் தோன்றும். ஓடிபிசி இயக்கிக்குப் பதிவேடும் நிறுவல் நிரலும் தேவைப்பட்டன. இங்கே கோப்பை நகலெடுப்பதே நிறுவல்.

ஓடிபிசி இதனால் மறையவில்லை. நல்ல ஓடிபிசி இயக்கி உள்ள தரவுத்தளத்துக்குப் பவர் பிஐ இணைப்பி எழுதுபவர், அவ்வியக்கியின் மேல் எம் மொழியில் மெல்லிய உறை ஒன்றை எழுதுகிறார். அதனால் வடிகட்டல், கூட்டல் போன்ற வேலைகளைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்க முடிகிறது. இதற்கு வினவல் மடிப்பு என்று பெயர். டேப்லோவும் பின்னர் ஓடிபிசி, ஜேடிபிசி இயக்கிகளின் மேல் அமையும் இணைப்பிகளுக்கான கருவித்தொகுப்பை வெளியிட்டது. டாகோ என்ற பின்னொட்டைக் கொண்ட இக்கோப்புகள், டேப்லோ களஞ்சியக் கோப்புறையில் உள்ள கனெக்டர்ஸ் என்ற இடத்தில் வைக்கப்படுகின்றன. பயனர் இணைப்பியுடன் இயக்கியையும் தனியே நிறுவ வேண்டும். சுவீடனில் தோன்றிய கிளிக் நிறுவனமும் கியூவிஎக்ஸ் என்ற தன் தரவு வடிவத்துக்கு இத்தகைய கருவித்தொகுப்பை அளித்தது. 2017 இல் கூகுள் டேட்டா ஸ்டூடியோ, சமூக இணைப்பிகள் என்ற பெயரில் இதே வசதியை மேகக் கணிமையில் வழங்கியது.

நம்பிக்கையும் கையொப்பமும்

எவரும் இணைப்பி எழுதலாம் என்றானபின், எவரது இணைப்பியை ஏற்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. எம் மொழி இணைப்பிக்கு ஓடிபிசி இயக்கியைப் போலக் கணினி முழுவதையும் தொடும் ஆற்றல் இல்லை. ஆனால் அது பயனரின் உள்நுழைவு விவரங்களைக் கையாள்கிறது. மறையாக்கம் இல்லாத வழியில் அவற்றை அனுப்பவும், ஒரு மூலத்தின் தரவை மற்றொரு மூலத்துக்குக் கசியவிடாமல் காக்கும் தனியுரிமை நிலைகளைப் புறக்கணிக்கவும் அதனால் இயலும்.

ஆகவே பவர் பிஐ டெஸ்க்டாப், இயல்பு நிலையில் மைக்ரோசாஃப்ட் சான்றளித்த இணைப்பிகளையும் நம்பகமானவை எனக் குறிக்கப்பட்ட பிற இணைப்பிகளையும் மட்டுமே ஏற்றுகிறது. பாதுகாப்பு அமைப்புகளில், எந்த இணைப்பியையும் சரிபார்ப்பின்றி ஏற்கலாம் என்ற மாற்றுத் தேர்வும் உண்டு. பரிந்துரைக்கப்படாதது என்ற குறிப்புடன் அது காட்டப்படுகிறது. சொந்தமாக எழுதிய ஓர் இணைப்பிக்காக அத்தேர்வை மாற்றுபவர், அதே கோப்புறையில் வந்து சேரும் மற்ற எல்லா இணைப்பிகளுக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிடுகிறார்.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வழி டிஜிட்டல் கையொப்பம். இணைப்பிக் கோப்பைத் தன் சான்றிதழால் கையொப்பமிட்டு, பிக்யூஎக்ஸ் என்ற பின்னொட்டுடன் வெளியிடலாம். அச்சான்றிதழின் அடையாள எண்ணை நிறுவனத்தின் கணினி நிர்வாகி விண்டோஸ் பதிவேட்டில் குறித்துவைத்தால், அக்கையொப்பம் கொண்ட இணைப்பிகள் மட்டும் கூடுதலாக அனுமதிக்கப்படும். டேப்லோவும் டாகோ கோப்புகளுக்குக் கையொப்பத்தை எதிர்பார்க்கிறது. சரிபார்ப்பை நிறுத்த வேண்டுமானால் மென்பொருளைத் தனிக் கட்டளையுடன் தொடங்க வேண்டும்.

கையொப்பம் எதை உறுதிசெய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். கோப்பு யாரிடமிருந்து வந்தது, இடையில் மாற்றப்பட்டதா என்ற இரண்டையும் அது சொல்லும். உள்ளே இருக்கும் நிரல் நல்லதா என்பதைச் சொல்லாது. அதை நிரலைப் படித்துத்தான் அறிய முடியும். மெஸ் கோப்பு சாதாரண ஜிப் கோப்பு என்பதால் அதைத் திறந்து எம் நிரலைப் படிக்கலாம். இயந்திர மொழியில் வரும் ஓடிபிசி இயக்கியில் இவ்வசதி கிடையாது.

மைக்ரோசாஃப்ட் வழங்கும் சான்றளிப்பு, மற்றவற்றைவிட உயர்ந்த நிலை. தேர்ச்சி பெற்ற இணைப்பி மென்பொருளுடனேயே சேர்த்து வழங்கப்படுவதால் பயனர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் இவ்வழி பொதுச் சந்தையில் உள்ள, போதிய பயனர்களைக் கொண்ட தயாரிப்புகளுக்கே உரியது. மிகச் சிலரே பயன்படுத்தும் தயாரிப்புகளுக்குச் சொந்தக் கையொப்ப முறையே பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கூட்டுறவுச் சங்கமோ சிறிய மருத்துவமனையோ தனக்கென எழுதிக்கொண்ட மென்பொருளின் தரவு, அதன் உரிமையாளருக்கு எவ்வளவு இன்றியமையாததாக இருந்தாலும், ஆயத்த இணைப்பிகளின் பட்டியலில் இடம்பெறுவது அரிது. அத்தகையோருக்குத் தனிப்பயன் இணைப்பி ஒன்றே வழி. கையொப்பச் சான்றிதழைப் பெற்றுப் பேணவும், கணினிதோறும் அனுமதிப் பட்டியலை அமைக்கவும் ஆள் இல்லாத இடத்தில், பரிந்துரைக்கப்படாத தேர்வை இயக்குவதே எளிதாகத் தோன்றும். பாதுகாப்புக்காக வைத்த கட்டுப்பாடு, வசதி குறைந்தவரைப் பாதுகாப்பற்ற வழிக்குத் தள்ளக்கூடும் என்பது இம்முறையின் தீராத முரண்.

நுழைவாயிலும் இரண்டாம் நிறுவலும்

மேசைக் கணினியில் நன்றாக இயங்கிய அறிக்கை, மேகத்தில் பதிப்பித்தபின் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுவது தனிப்பயன் இணைப்பிகளில் அடிக்கடி காணப்படும் சிக்கல். மேக வழங்கியில் அவ்விணைப்பி இல்லை என்பதே காரணம். இதற்காக நிறுவனத்தின் வளாகத்திலேயே ஒரு கணினியில் தரவு நுழைவாயில் என்ற மென்பொருள் நிறுவப்படுகிறது. குறித்த நேரத்தில் மேகத்திலிருந்து வரும் வேண்டுகோளை அது பெற்று, உள்ளூர் இணைப்பி வழியாகத் தரவை எடுத்து அனுப்பும்.

எனவே இணைப்பிக் கோப்பை நுழைவாயில் கணினியிலும் வைக்க வேண்டும். நுழைவாயில், பயனரின் பெயரில் அல்லாமல் தனிச் சேவைக் கணக்கில் இயங்குகிறது. அக்கணக்கு படிக்கக்கூடிய கோப்புறையில் கோப்பு இருந்தால்தான் அது கண்ணில் படும். தரவு மூலப் பெயர்களில் பயனருக்கும் கணினிக்கும் இருந்த வேறுபாடு போன்றதே இதுவும். இணைப்பியை எழுதுபவர், இணைப்பைச் சோதித்துப் பார்க்கும் செயற்கூறு ஒன்றையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். இல்லையேல் நுழைவாயிலால் அதைப் பயன்படுத்த இயலாது. பல கணினிகள் சேர்ந்து ஒரே நுழைவாயிலாக இயங்கினால், ஒவ்வொன்றிலும் இணைப்பியின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் வெற்றிபெறும் புதுப்பித்தல் மறுநாள் தோல்வியடையலாம்.

உரிமையும் சார்பும்

இணைப்பிகளின் வரலாற்றில் நிறுவனங்களின் கைமாற்றங்களுக்கும் பங்கு உண்டு. 2007 இல் ஆரக்கிள் நிறுவனம் ஹைப்பீரியனை வாங்கியது. அதே ஆண்டில் பிசினஸ் ஆப்ஜெக்ட்சை வாங்குவதாக எஸ்ஏபியும், காக்னாசை வாங்குவதாக ஐபிஎம்மும் அறிவித்தன. 2019 இல் டேப்லோவை சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. எல்லாத் தரவு மூலங்களையும் சமமாகப் பார்த்த கருவிகள், தாமே தரவு மூலங்களை விற்கும் நிறுவனங்களின் உடைமையாயின. போட்டியாளரின் தரவுக்கு நல்ல இணைப்பி தொடர்ந்து கிடைக்குமா என்ற ஐயம் வாடிக்கையாளர்களுக்கு எழுவது இயல்பு. இணைப்பியை வெளியாரும் எழுதலாம் என்ற ஏற்பாடு அவ்வையத்துக்கு ஓரளவு மருந்தாக அமைந்தது.

எனினும் இன்றைய தனிப்பயன் இணைப்பிக்கும் ஓடிபிசி இயக்கிக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உள்ளது. ஓடிபிசி இயக்கியை அத்தரநிலையை ஏற்ற எந்த மென்பொருளும் பயன்படுத்தலாம். எம் மொழியில் எழுதிய இணைப்பி மைக்ரோசாஃப்ட் மென்பொருட்களுக்கு வெளியே பயன்படாது. டாகோ கோப்பு டேப்லோவில் மட்டுமே இயங்கும். மென்பொருளை மாற்றும் நிறுவனம் இணைப்பியையும் புதிதாக எழுத வேண்டும். ஒரே மென்பொருளுக்குள்ளும் இடர் உண்டு. டேப்லோ தன் வலைத் தரவு இணைப்பியின் கட்டமைப்பை மூன்றாம் பதிப்பில் மாற்றி, முந்தைய பதிப்பை வழக்கொழிந்ததாக அறிவித்தபோது, பழைய இணைப்பிகளை எழுதியவர்கள் அவற்றைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

1992 இல் வெளியான ஓடிபிசி முப்பது ஆண்டுகளைக் கடந்தும் பயன்பாட்டில் இருப்பதற்கு, அது எந்த ஒரு பயன்பாட்டு மென்பொருளுக்கும் மட்டும் உரியதாக இல்லாமல் பொதுத்தரநிலையாக அமைந்தது முக்கியக் காரணம். வலைச் சேவைகளுக்கு அதற்கு இணையான பொது இடைமுகம் இன்னும் நிலைபெறவில்லை. அது நிலைபெறும்வரை, பட்டியலில் இல்லாத தரவைத் தன் அறிக்கைக்குள் கொண்டுவர விரும்பும் நிறுவனம் தனக்கான இணைப்பியைத் தானே எழுதி, கையொப்பமிட்டு, மேசைக் கணினியிலும் நுழைவாயிலிலும் நிறுவி, மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அது இயங்குகிறதா எனச் சோதித்து வர வேண்டும்.